மழைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகள் மாடிக்குத்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புரட்டாசி வார இறுதிகளை எப்படிக் கழிக்கலாம் என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு பக்கம் வந்திருந்தது. கொலு பொம்மைக் கடை, பெருமாள் கோயில், பீச், மால் எல்லாம் சரிதான். ஆனால் பக்கத்தின் அடியில், 'மழைக்காலம் வந்துவிட்டதால் மாடித்தோட்டக்காரர்கள் இனி தை வரை ஓய்வெடுக்கலாம்' என்று ஒரு பெட்டிச் செய்தி. அந்த ஒரு வரிக்குப் பதிலாகவே இதை எழுதுகிறோம். சென்னை மாடியில் நடப்பது இதற்கு நேர்மாறு. விநாயகர் சதுர்த்திக்கும் தீபாவளிக்கும் நடுவே கிடைக்கும் ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கை மண்ணாகாவிட்டால், மார்கழியில் பறிக்க ஒன்றும் இருக்காது.

'பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும்' என்று புரட்டாசியைச் சொல்வார்கள். காலை எட்டரைக்கே முதுகு எரியும். மூன்று மணிக்கு மேற்கே இருட்டிக்கொண்டு வரும். விளக்கு வைக்கிற நேரத்தில் இடியோடு ஒரு மழை, அப்புறம் விடிய விடியப் புழுக்கம். வெளியே கிளம்பவும் மனம் வராது, வீட்டுக்குள் உட்காரவும் முடியாது. ஆனால் விதைக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. மண் சூடாக இருக்கிறது, காற்றில் ஈரம் இருக்கிறது, பெருமழை இன்னும் வரவில்லை. வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். ஆண்டுக்குச் சுமார் 1400 மி.மீ. பெய்யும் ஊரில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடும். மழை வலுப்பதற்குள் செடி வேர் பிடித்து நிற்க வேண்டும்.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதை நாங்கள் மறுக்கவில்லை. வெண்டை, கத்திரி, பீர்க்கன், புடலைக்கு ஆடி நல்லதே. தக்காளிக்கு அந்தக் கணக்கு சென்னையில் ஒத்துவராது. இரவு வெப்பம் 24 டிகிரியைத் தாண்டினால் தக்காளியின் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, பூ காம்போடு உதிரும். ஆடியில் போட்ட செடி செப்டம்பர், அக்டோபரில் பூக்கும்போது இங்கே இரவில் 25 டிகிரி குறைவதே பெரும்பாடு. செடி பச்சைப் பசேலென்று நிற்கும், காய் இருக்காது. உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் உரம் வைப்பார்கள், இலைதான் பெருக்கும். அதே தக்காளியைப் புரட்டாசி நடுவில் நாற்றுவிட்டு, 25 நாளில் எடுத்து நட்டால், கார்த்திகையில் பூ வரும். அப்போது இரவு 22 டிகிரிக்கு இறங்கத் தொடங்கியிருக்கும், பிஞ்சு நிற்கும். காலிஃபிளவர், முட்டைக்கோஸுக்கும் இதே கணக்கு. குளிரே வேண்டாத கோடை ரகங்கள் உண்டென்று கடையில் சொன்னாலும், டிசம்பர், ஜனவரியில் திரளும்படி போடுவதே உசிதம்.

அவரை விஷயம் இன்னும் வேடிக்கை. பகல் குறைந்தால்தான் நாட்டு அவரை பூக்கும். ஆடியில் போட்ட கொடியும் புரட்டாசியில் போட்ட கொடியும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் பூக்கத் தொடங்கும். நடுவில் இரண்டு மாதம் முன்னது கொடியாக ஓடி, பந்தலை அடைத்து, துணிக்கொடியையும் பிடித்துக்கொண்டிருக்கும். நிலம் உள்ளவர்களுக்கு அதனால் மகசூல் கூடும். பத்துக்குப் பத்தடி இடம் வைத்திருப்பவருக்குப் புரட்டாசி அவரையே போதும், கொடி கைக்கு அடக்கமாக நிற்கும்.

விதைக்கு முன் முதல் ஞாயிறு இரண்டு வேலை. ஒன்று, ஏப்ரலில் கட்டிய பச்சை ஷேட் நெட்டை அவிழ்த்துவிடுவது. மப்பும் மழையுமான மாதங்களில் வெயிலே பாதிதான். அதிலும் பாதியை வலை தின்றால் நாற்று வெளுத்து, நீண்டு, சாய்ந்துவிடும். வலை மழையையும் தடுக்காது. சிறு துளிகளைச் சேர்த்துப் பெரிய சொட்டாக இலைமேல் விடும், அவ்வளவுதான்.

இன்னொன்று, செடி வளர்க்கும் பைகளை இடம் மாற்றுவது. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்டு நடுவிலும் நண்பகல் சூரியன் சென்னைக்கு நேர் மேலே நிற்கும், சுவர்கள் நிழலே தராது. பிறகு அது தெற்கே சாய்ந்துகொண்டே போய், டிசம்பர் மூன்றாம் வாரத்தில் நண்பகலிலேயே மூன்றடிக் கைப்பிடிச் சுவரின் நிழல் வடக்கே இரண்டே கால் அடிக்கு விழும். காலையிலும் மாலையிலும் இன்னும் நீளும். தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி அறை இவற்றின் வடக்குப் பக்கம் நாள் முழுக்க நிழல்தான். ஆகையால் கோடையில் தென்சுவரை ஒட்டிச் சுகமாக இருந்த தக்காளிப் பையை இப்போதே மூன்றடி தள்ளி வையுங்கள். அந்த இடத்துக்குப் புதினா, பசலை, கொத்தமல்லி போதும். காலியான பையை நகர்த்துவது சுலபம். நனைந்த பையைக் கார்த்திகையில் நகர்த்தினால் இடுப்பு போகும், பையும் கிழியும்.

அடுத்தது மண். ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு கோகோபீட் (தேங்காய் நார்க்கழிவு), ஒரு பங்கு எரு என்ற பழகிய கலவை கோடைக்குச் சரி. மழைக்கு அதே அளவு கோகோபீட் ஆகாது. அது தன் எடையைப்போல் ஏழெட்டு மடங்கு நீரைப் பிடித்துவைக்கும். மூன்று நாள் அடைமழையில் பை முழுக்கச் சொதசொதவென்று ஆகி, வேருக்குக் காற்றுப் போகாமல் அழுகும். மேலே பார்த்தால் இலை வாடியிருக்கும். தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றுவார்கள். மழைக்காலக் கலவை இரண்டு பங்கு செம்மண், இரண்டு பங்கு மக்கிய எரு அல்லது மண்புழு உரம், ஒரு பங்கு கோகோபீட், ஒரு பங்கு உமி. உமிக்குப் பதில் ஆற்றுமணல் கிடைத்தால் நல்லது. எம்-சாண்ட் வேண்டாம், அதிலுள்ள பொடி நாளடைவில் இறுகிப்போகும்.

கோகோபீட் கட்டி 5 கிலோ என்றால் 20 முதல் 25 லிட்டர் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். ஊறியதும் பிழிந்து, தண்ணீரை மாற்றி, இரண்டு மூன்று முறை அலச வேண்டும். தேங்காய் மட்டையை உப்பங்கழியில் ஊறப்போட்டு நார் எடுத்திருந்தால் அந்த உப்பு கட்டியில் இருக்கும். அலசாமல் போட்டால் இலை நுனி கருகும், மண்மேல் வெள்ளையாகப் பூக்கும். அலசிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள்.

பைக்கு 100 கிராம் வேப்பம்புண்ணாக்குத் தூளும் வேரழுகலைத் தடுக்கும் டிரைகோடெர்மா விரிடி என்ற பூஞ்சைப் பொடி ஒரு தேக்கரண்டியும் கலந்து, ஈரம் காட்டி, பத்து நாள் மூடி வைத்த பிறகே நட வேண்டும். புண்ணாக்கு மக்கும்போது சூடு கிளம்பும், அவசரப்பட்டு நட்டால் இளவேர் வெந்துவிடும். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுத்த மாடித்தோட்டத் தளை (பை, விதை, உரம் அடங்கிய தொகுப்பு) வாங்கியவர்கள் பலரிடம் டிரைகோடெர்மா பொட்டலம் பிரிக்காமலேயே கிடக்கிறது. காலாவதித் தேதியைப் பார்த்து அதையே போடலாம், அது உயிருள்ள பூஞ்சை, தேதி தாண்டினால் வெறும் மாவு. சாயம் பூசாத களிமண் பிள்ளையாரை வாளியில் கரைத்திருந்தால் அந்த மண்ணும் ஆகும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், இறுகும்.

கட்டடம் தாங்குமா என்று எல்லாருக்கும் பயம் உண்டு. 12 அங்குல விட்டமும் 12 அங்குல உயரமும் உள்ள பை 20 லிட்டர் கலவை கொள்ளும். மழையில் ஊறினால் 20 முதல் 25 கிலோ வரும். ஆட்கள் புழங்கும் கான்கிரீட் மொட்டைமாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ பாரம் என்று வடிவமைப்பில் கணக்கிடுவது இந்தியத் தர விதி. சதுர மீட்டருக்கு நான்கு பை, அதுவும் நடுத்தளத்தை விட்டுச் சுவரும் பீமும் இருக்கும் ஓரமாக வைத்தால் கவலையில்லை. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன் பக்கத்துப் பழைய வீடுகளில் தேக்கு உத்தரமும் செங்கல்லும் சுண்ணாம்புமாகப் போட்ட மெட்ராஸ் டெரஸ் இருந்தால் இந்தக் கணக்கே பொருந்தாது. அங்கே பால்கனி, முற்றம், படிக்கட்டு ஓரம் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

வேர் தளத்தைத் துளைத்துவிடும் என்பார்கள். பைக்குள் வளரும் கத்திரி வேருக்கு அந்தச் சக்தியெல்லாம் இல்லை. கெடுப்பது பைக்கடியில் காயாமல் நிற்கும் ஈரம். பையை இரண்டு செங்கல்மேல் வைத்தாலே அடியில் காற்றோடும். துளைகளின்மேல் கொட்டாங்கச்சித் துண்டோ தேங்காய் நாரோ போட்டால் கலவை அடைக்காது. பெருமழைக்கு மறுநாள் பழைய ஸ்குரூடிரைவரால் ஒவ்வொரு துளையையும் ஒருமுறை குத்திவிடுங்கள்.

மழைநீர்க் குழாய் வாயைச் சுற்றி இரண்டடிக்கு ஒன்றும் வைக்கக்கூடாது. உதிர்ந்த இலையும் கோகோபீட்டும் சேர்ந்து அதை அடைத்தால், ஒரே இரவில் மாடி குளமாகும், கீழ்வீட்டுக் கூரை ஒழுகும், குடியிருப்போர் கூட்டத்தில் பழி தோட்டத்துக்கு வரும். 2003 முதல் கட்டாயமான மழைநீர் சேகரிப்புத் தொட்டி கீழே இருக்கும். மாடி மண் கரைந்து அதற்குள் போனால் மேலடுக்கு மணல் சேறு படிந்து இறுகி, தண்ணீர் இறங்காது. குழாய் வாய்க்கு வலை கட்டி, முதல் மழையை வெளியே விட்டு, தொட்டியின் மேல்மணலை மழைக்கு முன் அள்ளி அலசிப் போடுவதும் இந்த ஞாயிறுகளின் வேலையே.

விதைப்புக்கு வருவோம். தக்காளி, கத்திரி, மிளகாய் மூன்றையும் குழித்தட்டில் போட வேண்டும், பாதி கோகோபீட், பாதி மண்புழு உரம். விதையின் பருமனைப்போல் இரண்டு மடங்கு ஆழம் போதும். தக்காளி ஐந்தாறு நாளில் முளைக்கும், மிளகாய்க்குப் பத்து நாளும் ஆகலாம். தக்காளியை 25 நாளிலும் மற்ற இரண்டையும் 35 முதல் 40 நாளிலும் எடுத்து நடலாம். ஆகவே கத்திரியும் மிளகாயும் முதல் வாரமே, தக்காளி அதற்குப் பிறகு. முள்ளங்கி, கொத்தவரை, அவரை எல்லாம் நேரடி விதைப்பு. முள்ளங்கியை இடம் மாற்றி நட்டால் கிழங்கு கவட்டையாகும்.

கீரைதான் சுலபம் என்பார்கள். இந்தப் பருவத்தில் அதிகம் பேர் தோற்பது கீரையில்தான். முளைக்கீரை, அரைக்கீரை விதை மிகப் பொடி. ஒரு பங்கு விதைக்கு நான்கு பங்கு மணல் கலந்து தூவி, மேலே எருவைச் சலித்தாற்போல் போட வேண்டும். அன்று மாலையே இடிமழை வந்தால் எல்லா விதையும் அடித்துக்கொண்டு போய் ஒரு மூலையில் குவியும். மூன்றாம் நாள் அந்த மூலையில் மட்டும் புல்போல் முளைத்திருக்கும். தூவியதும் பழைய வேட்டித் துணியையோ சாக்கையோ விரித்து, அதன்மேல் பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். முளை தெரிந்த அன்றே சாக்கை எடுக்க வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் முளை வெளுத்து சாக்கோடு ஒட்டிக்கொண்டு வரும். விதை மழையில் போகாவிட்டால் எறும்பு தூக்கும். பையைச் சுற்றிக் கொஞ்சம் அரிசி நொய்யைப் போட்டுவைத்தால் எறும்பு அதோடு போய்விடும். 25 நாளில் கீரை பறிக்கலாம். நவம்பர் மழையில் கடைக்கீரை சேறும் சகதியுமாக வரும்போதுதான் இதன் அருமை தெரியும்.

நாற்று முளைத்து இரண்டிலை விட்டபின் ஒரு காலையில் பார்த்தால் நான்கைந்து நாற்று படுத்துக் கிடக்கும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் நூல்போல் இளைத்து, வெந்தாற்போல் இருக்கும். மேலே இலை நன்றாகவே இருக்கும். நாற்றழுகல் இது, ஈரமண்ணில் வாழும் பூஞ்சாணத்தின் வேலை. நெருக்கமாகப் போட்டதும், மாலையில் தண்ணீர் தெளித்து இரவெல்லாம் ஈரமாக விட்டதும், காற்றோட்டம் இல்லாததும் காரணங்கள். விழுந்ததைச் சுற்றியுள்ள மண்ணோடு சேர்த்து எடுத்தெறிந்து, ஒரு நாள் தண்ணீரை நிறுத்தி, தட்டைக் காற்றாட வையுங்கள். விழுந்தது பிழைக்காது. முன்னதாகவே விதையை ஆறின வடிகஞ்சியில் பிசறி, சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடியில் புரட்டி, நிழலில் அரை மணி உலர்த்திப் போட்டால் பெரும்பாலும் வராது. கிலோ விதைக்கு 10 கிராம் கணக்கு. வீட்டுப் பொட்டலத்துக்கு ஒரு சிட்டிகை.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சனிக்கிழமை தளிகை, கோயில் என்று போய்விடும். ஞாயிறு காலை கறிக்கடை வரிசையில் நிற்கும் வேலை புரட்டாசியில் பாதி வீடுகளுக்குக் கிடையாது. மிச்சமாகும் அந்த ஒன்றரை மணி நேரமே போதும். ஆயுத பூஜைக்கு மறுநாள் தெருத்தெருவாகக் குப்பையில் கிடக்கும் வாழைக்கன்றும் பூவும் மாலையும் நல்ல உரச்சரக்கு. வாழைத்தண்டைச் சாணளவு நறுக்கி, காய்ந்த இலை, கொஞ்சம் பழைய எரு என்று அடுக்கி மூடினால் தைக்குள் மக்கிவிடும். நார், பிளாஸ்டிக் ஜரிகை, தெர்மகோல் இவற்றைப் பொறுக்கி எடுத்த பிறகு.

மழை பிடித்துக்கொண்டால் வேலை குறையும், ஆனால் நிற்காது. பழக்கத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். விரலை இரண்டு அங்குலம் நுழைத்து, உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். மழைத்துளி மண்ணை இலைமேல் தெறித்தால் இலைப்புள்ளி வரும். பைமேல் சருகு பரப்பினால் தெறிக்காது. நான்கு நாள் மழைக்குப் பின் அடியிலைகள் மஞ்சளாவது தழைச்சத்து கரைந்து ஓடியதால். மழை விட்டதும் ஒரு பிடி மண்புழு உரமும், லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யா கலந்த தெளிப்பும் போதும். வேப்பெண்ணெய் என்றால் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். தெளித்து நாலைந்து மணி நேரம் மழை வரக்கூடாது, வானத்தைப் பார்த்துத்தான் தெளிக்க வேண்டும். நத்தைக்கு மருந்து தேடாதீர்கள். ராத்திரி ஈரச்சாக்கையும் பப்பாளி இலையையும் ஓரமாகப் போட்டுவைத்தால், காலையில் எல்லாம் அதற்கடியில் கூடியிருக்கும், பொறுக்கிவிடலாம். உப்பைப் பைமேல் தூவினால் நத்தையோடு செடியும் போகும்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுகளை மழைக்காலம் முடியும்வரை எடுத்துவிடுங்கள். டெங்கு கொசு முட்டையிடுவது அந்தத் தெளிந்த தண்ணீரில்தான், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். பந்தலை இரு பக்கமும் இழுத்துக் கட்டுங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயலின்போது கண்பகுதி கடந்ததும் காற்று திசை மாறி அடித்தது. ஒரு பக்கம் மட்டும் கட்டிய பந்தல் அதற்கு நிற்காது.

தாங்கள் விதைப்புப் பட்டியல் வெளியிடும்போது சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டங்களுக்கென்று தனியாகப் போட வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள். கோவைக்கு இரவுக் குளிர் உண்டு, மழையும் இப்படி ஒரேயடியாகக் கொட்டுவதில்லை. அங்கே எழுதியதை இங்கே போட்டால் வாசகர் விதையும் போகும், ஆர்வமும் போகும். அந்தப் பெட்டிச் செய்தியோடு வந்த படத்தில் பூந்தொட்டிகளைக் கைப்பிடிச் சுவரின் மேல் வரிசையாக வைத்திருந்தார்கள். அந்தப் படத்தை மறுபடி போட வேண்டாம். ஐப்பசிக் காற்றில் அது தெருவில் போகிறவர் தலையில்தான் வந்து விழும்.

இப்படிக்கு,
மாடித்தோட்டம் வைத்திருக்கும் வாசகர்கள் சிலர்,
மேற்கு மாம்பலம், சென்னை - 33